கொய்யா மரமும் ஓர் இரவு விருந்தாளியும்

கொழும்புக் கோட்டையில் காலையில் புறப்பட்ட ரயில் நாவலப்பிட்டியைத் தாண்டியதும் மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. அதன் பிறகு இருபுறமும் தேயிலைதான். சீப்பால் வாரிவிட்ட தலைமுடி போல மலைச்சரிவுகள் முழுவதும் ஒரே செடி, ஒரே உயரம், ஒரே பச்சை. பார்க்கப் பார்க்க அழகு. ஆனால் அரைமணி நேரம் பார்த்த பிறகு மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. அல்லாஹ் படைத்த மற்ற மரங்களெல்லாம் எங்கே?

2023ஆம் ஆண்டு செப்டம்பர், ரபீஉல் அவ்வல் மாதம். அரபுக் கல்லூரியில் என்னோடு ஓதிய இலங்கைத் தோழர் ஒருவர் ஹட்டன் நகருக்கு அருகே மத்ரஸாவில் ஆசிரியராக இருக்கிறார். மீலாது சொற்பொழிவுக்காக அழைத்திருந்தார். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ள ஊர் ஹட்டன். பாவா ஆதம் மலைக்குச் செல்கிறவர்கள் ரயிலை விட்டு இறங்குவதும் இங்கேதான். 1344ஆம் ஆண்டில் அந்த மலையில் ஏறிய இப்னு பதூதா இந்தப் பகுதியைப் பார்த்திருந்தால் அடர்ந்த காட்டைத்தான் பார்த்திருப்பார்.

அந்தக் காட்டை முதலில் காப்பிக்காக அழித்தார்கள். 1869இல் காப்பி இலையில் துருநோய் விழுந்தது. சில ஆண்டுகளிலேயே காப்பித் தோட்டங்கள் பாழாயின. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலை, பிறகு மலைநாடு முழுவதையும் மூடியது. அந்தச் செடியை நட்டவர்கள், இன்றுவரை கொழுந்து கிள்ளுகிறவர்கள், நம் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து கால்நடையாய்ப் போன ஏழைகளின் பிள்ளைகள். நான் போயிருந்த ஆண்டில்தான் அவர்கள் அங்கே வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து கொண்டிருந்தார்கள்.

தோழரின் வீடு நகரத்தின் ஓரத்தில் இருந்தது. பின்பக்க வேலிக்கு அப்பால் தோட்டத்துத் தேயிலை. வேலியோரத்தில் ஒரு கொய்யா மரம். காய்த்துத் தொங்கிக் கொண்டிருந்தது. ஸலாம் சொல்லி உட்கார்ந்து ஒரு மிடறு தேநீர் குடிப்பதற்குள், தோழரின் தாயார் அந்த மரத்தின் வழக்கை என் முன் வைத்துவிட்டார்.

"இந்தப் பழம் ஒண்டும் எங்களுக்குக் கிடைக்கிதில்ல மகன். ராவைக்கு வௌவால் வந்து தின்டு துப்பிட்டுப் போகுது. காயப்போட்ட தொழுகை உடுப்பெல்லாம் கறை. சின்னவர் மரத்தை வெட்டோணும் எண்டு நிக்கிறார்."

சின்னவர் என்பது தோழரின் தம்பி. ஹட்டன் கடைவீதியில் கடை வைத்திருப்பவர். அவருக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. இரண்டு நாட்களுக்கு முன்பு அந்தக் குழந்தை, வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பொறுக்கி வாயில் வைத்திருக்கிறது. அதே வாரத்தில்தான் கேரளத்தின் கோழிக்கோட்டில் நிபா காய்ச்சலால் இருவர் இறந்த செய்தி வந்திருந்தது. தகப்பன் மனம் பதறாதா? வரும் சனிக்கிழமை மரம் வெட்ட ஆள் சொல்லிவிட்டார்.

"வீட்டுல உள்ள மவ்லவிட பேச்சு வீட்டுல எடுபடாது. நீங்க சொல்லுங்க மகன்" என்றார் உம்மா. தோழர் சிரித்துக் கொண்டே தலையைக் குனிந்து கொண்டார்.

உம்மாவின் கேள்விகள் மூன்று. வௌவால் எச்சம் பட்ட உடையோடு தொழலாமா? அது கடித்த பழத்தை உண்ணலாமா? மரத்தை வெட்டலாமா? "ஓர் இரவு அவகாசம் கொடுங்கள் உம்மா. பிரதிவாதியை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

இஷா தொழுதுவிட்டுப் பின்திண்ணையில் உட்கார்ந்தேன். குளிர் எலும்பைத் தொட்டது. சிறிது நேரத்தில் விரித்த உள்ளங்கை அளவிலான ஒரு நிழல் மரத்தைச் சுற்றியது. பிறகு இன்னொன்று. டார்ச் வெளிச்சத்தில் ஒரு கணம் முகம் தெரிந்தது. நாய்க்குட்டியின் முகம், பெரிய கண்கள், குட்டை மூக்கு. இலங்கையில் ஏறத்தாழ 30 வகை வௌவால்கள் இருக்கின்றன. அவற்றில் பழம் தின்பவை நான்கே வகை. மற்றவை பூச்சி பிடிப்பவை. நான் பார்த்தது பழந்தின்னிகளில் சிறிய, குட்டை மூக்குள்ள இனம். இந்த நாட்டின் பாலூட்டிகளைப் பற்றி 1935இல் பெரிய நூல் எழுதிய பிலிப்ஸ் என்பவரும் ஒரு தேயிலைத் தோட்டத் துரைதான். பகலில் தோட்டத்தையும் இரவில் வௌவாலையும் கவனித்திருப்பார் போலும்.

அரபியில் வௌவாலுக்கு 'குஃப்பாஷ்' என்று பெயர். பார்வை மங்கியது என்ற பொருளில் பிறந்த சொல். ஆனால் பழந்தின்னி வௌவாலுக்குக் கண் நன்றாகவே தெரியும். கண்ணாலும் மூக்காலும்தான் அது பழத்தைத் தேடுகிறது. ஜலாலைன் தஃப்ஸீர் ஓதிய காலம் நினைவுக்கு வந்தது. ஈஸா (அலை) அவர்கள் களிமண்ணால் பறவை உருவம் செய்து, அல்லாஹ்வின் அனுமதியால் அது உயிர் பெற்ற இடத்துக்கு விளக்கம் எழுதும்போது, அந்தப் பறவை வௌவால்தான், பறவைகளில் படைப்பில் மிக நிறைவானது அதுவே என்று அதன் ஆசிரியர் எழுதுகிறார். எகிப்தில் வாழ்ந்து ஹிஜ்ரி 808இல் மறைந்த இமாம் தமீரி, உயிரினங்களைப் பற்றிய தம் பெருநூலில், வௌவாலுக்கு இறகில்லை, பல் உண்டு, குட்டிக்குப் பால் கொடுக்கும் என்று அன்றே குறித்து வைத்தார். அது பறவையல்ல, பாலூட்டி என்று இன்றைய அறிவியல் சொல்கிறது. நாம் அருவருத்து விரட்டுகிற ஒன்றை நம் முன்னோர்கள் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்!

அன்றிரவு மரத்தையும் வௌவாலையும் மாறி மாறிப் பார்த்துக் கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். மரத்துக்குக் கால் இல்லை, நின்ற இடத்திலேயே ஆயுளைக் கழிக்கிறது. வௌவாலுக்கு ஓரிடத்தில் நிலைப்பில்லை. மரம் வெயிலில் உழைக்கிறது. வௌவால் இருளில் உழைக்கிறது. மரம் கைகளை வானுக்கு ஏந்தி நிற்கிறது. வௌவால் தலைகீழாய்த் தொங்குகிறது. கொய்யா ஒரு பழத்திலேயே நூற்றுக்கணக்கான விதைகளை வைக்கிறது. ஆனால் ஒன்றையும் வளர்க்க அதனால் முடியாது, எல்லாவற்றையும் அனுப்பிவிடுகிறது. வௌவால் ஒரு பிரசவத்தில் ஒரே குட்டிதான் ஈனும். அந்தக் குட்டியை முதல் சில வாரங்கள் மார்போடு ஒட்ட வைத்துக் கொண்டே பறக்கும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக் கொண்டு அடுப்படியில் நிற்கும் நம் வீட்டுத் தாய்மார்களுக்கு இதன் சிரமத்தை விளக்க வேண்டியதில்லை.

எதிரெதிரான இந்த இரண்டையும் படைத்தவன் ஒரு கயிற்றால் கட்டி வைத்திருக்கிறான். மரத்துக்குக் கால் வேண்டும், அதுதான் வௌவால். வௌவாலுக்குக் களஞ்சியம் வேண்டும், அதுதான் மரம். கொய்யா பழுத்தால் கண்ணைப் பறிக்கும் சிவப்பு நிறம் கொள்வதில்லை. ஆனால் வாசனை நான்கு வீடு தாண்டும். இருட்டில் வருகிற விருந்தாளிக்கு நிறம் எதற்கு? வாசனைதானே அழைப்பிதழ்! விருந்தாளியும் பழத்தைப் பெரும்பாலும் அங்கேயே தின்பதில்லை. ஆந்தைக்கும் பாம்புக்கும் அஞ்சி, வேறொரு கிளைக்கு எடுத்துச் சென்று சாறு உறிஞ்சிச் சக்கையைத் துப்புகிறது. உள்ளே போன சிறு விதைகள் அரைமணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடும். பறவைகள் பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்து எச்சமிடும். வௌவால் பறந்தபடியே இடும். அதனால் மரமே இல்லாத வெட்டவெளியிலும் மண்சரிவிலும் விதை விழுகிறது. வெறுமையாக்கப்பட்ட மலைகளுக்கு இதைவிட நல்ல தோட்டக்காரர் யார்? நம் ஊர் இலுப்பைக்கும் இலவத்துக்கும்கூட மகரந்தம் சுமப்பவர்களில் வௌவாலுக்கு முக்கிய இடம் உண்டு.

இதில் ஒரு வியப்பு, கொய்யா இந்த மண்ணின் மரமே அல்ல. அமெரிக்கக் கண்டத்து மரம். போர்ச்சுகீசியர்களின் கப்பலில் கீழ்த்திசைக்கு வந்தது. 'கொய்யா' என்ற சொல்லே அவர்கள் மொழியிலிருந்து வந்ததுதான். அக்கரையிலிருந்து வந்த மரத்தை இக்கரை வௌவால் தன்னுடையதாக ஏற்றுக் கொண்டுவிட்டது. வௌவால் வீட்டுக்கு விருந்து போனால் நீயும் தொங்கு, நானும் தொங்கு என்று நம்மவர்கள் கேலியாகச் சொல்வார்கள். வந்தவரைத் தன்னோடு சேர்த்துக் கொள்வதும் ஒரு குணம்தானே என்று அன்றிரவு தோன்றியது.

மறுநாள் காலை, வேலிக்கு அப்பால் கூடையைத் தோளில் மாட்டிக் கொண்டு ஒரு மூதாட்டி வந்தார். தோட்டத்து லயத்தில் இருப்பவர். உம்மாவோடு பல வருடப் பழக்கம் போலும். கொய்யாப் பழம் இரண்டு அவர் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்து வைத்திருந்தார் உம்மா. "இந்த மரத்தை நட்டது யார்?" என்று கேட்டேன்.

"யாரும் நடலைங்க ஐயா. வவ்வா போட்ட கன்னு. கானுக்குள்ள மொளைச்சு நின்னுச்சு. கான் வெட்டுறப்ப நான்தான் பிடுங்கி இந்த வேலியோரம் வச்சேன். எங்களுக்குன்னு மண்ணு ஏதுங்க? அதான் உம்மா வேலியில வச்சேன்" என்றார். கான் என்றால் அங்கே தேயிலைக்கு நடுவே வெட்டும் வடிகால். பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்து, "வெட்டப் போறாங்களாமே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கூடையைச் சரி செய்து கொண்டு மலை ஏறிப் போய்விட்டார்.

எனக்கு நெஞ்சு கனத்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்த மக்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கப்பட்டார்கள். குடியுரிமைச் சிக்கல் தீர 2003வரை காத்திருக்க நேர்ந்தது. மலை முழுவதும் செடி நட்ட கைகளுக்கு, ஒரு கொய்யாக் கன்றை ஊன்றச் சொந்தமாக ஒரு சாண் மண் இல்லை. அந்தக் கன்றைத்தான் அவர் அடுத்தவர் வேலியில் ஊன்றினார்.

ஒரு முஸ்லிம் மரம் நட்டு, அதிலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால், அது அவருக்கு ஸதகாவாக எழுதப்படுகிறது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. எத்தனை முறை இதை மிம்பரில் சொல்லியிருக்கிறேன்! வேலிக்கு உரியவர்களான நாம், நம் எல்லைக்குள் நிற்கும் மரத்திலிருந்து ஓர் உயிர் உண்பதைத் திருட்டு என்கிறோம்.

காலை உணவுக்குப் பின் எல்லோரும் உட்கார்ந்தோம். தம்பியும் இருந்தார்.

முதல் கேள்வி, தொழுகை உடை. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபினர். அந்த மத்ஹபில் ஓதப்படும் ஃபத்ஹுல் முயீன் என்ற நூலை 16ஆம் நூற்றாண்டில் எழுதியவர் மலபாரின் பொன்னானியைச் சேர்ந்த ஸைனுத்தீன் மக்தூம் அவர்கள். வௌவாலின் சிறுநீரும் எச்சமும் உடையிலோ உடலிலோ தொழும் இடத்திலோ பட்டால், தவிர்ப்பது சிரமம் என்பதால் அது மன்னிக்கப்படும் என்று அதில் எழுதியிருக்கிறார். மரமும் வௌவாலும் நிறைந்த ஊரில் வாழ்ந்தவர் அல்லவா? ஆகவே தொழுகை கூடும். ஆனாலும் சுத்தம் ஈமானின் பகுதி. துவைத்துக் கொள்வதும், துணிக்கொடியைக் கூரைக்கடியில் மாற்றிக் கட்டுவதும் நல்லது.

இரண்டாவது கேள்வி, கடித்த பழம். ஷாஃபி மத்ஹபில் நாய், பன்றி தவிர மற்ற உயிரினங்களின் வாய் பட்டது அசுத்தமாகாது. ஆனால் அசுத்தம் இல்லாத எல்லாமே உண்ணத் தக்கதல்ல. தீங்கு தருவதை மார்க்கம் தடுக்கிறது. தம்பியின் அச்சம் வீண் அச்சமல்ல. மலேசியாவில் 1998, 1999ஆம் ஆண்டுகளில் நூறுக்கு மேற்பட்டோர் நிபாவால் இறந்தார்கள். அங்கே பழத்தோட்டத்தை ஒட்டியே பன்றிப் பண்ணைகள் இருந்தன. வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் கிருமி தாவியது. 2018இல் கேரளத்தில் 17 உயிர்கள் போயின. நோயாளியைக் கவனித்த லினி என்ற செவிலியரும் இரண்டு சிறு பிள்ளைகளை விட்டு மறைந்தார். அங்கே பெரிய பழந்தின்னி வௌவால்களில் அந்தக் கிருமி இருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆகவே வௌவால் கடித்த, கொறித்த பழத்தை யாரும் உண்ண வேண்டாம். கீழே விழுந்ததைக் குழந்தை எழும் முன் கூட்டிப் புதைத்து விடுங்கள். நல்ல பழத்தையும் கழுவித் தோல் சீவிக் கொடுங்கள். செத்த வௌவாலை வெறுங்கையால் தொட வேண்டாம்.

மூன்றாவது கேள்வி, வெட்டுவதா? இதற்கு வங்காளதேசத்தைச் சொன்னேன். அங்கே ஈச்ச மரத்தில் இரவில் கலம் கட்டிச் சாறு இறக்கிக் காய்ச்சாமல் குடிப்பார்கள். வௌவால் அந்தச் சாற்றை நக்கியதால் 2001 முதல் பலமுறை அங்கே நிபா வந்தது. அதற்காக ஈச்ச மரங்களை எல்லாம் வெட்டவில்லை. கலத்தின் வாயை மூங்கில் தட்டியால் மூடினால் வௌவால் நெருங்காது என்று ஆய்வாளர்கள் கண்டறிந்து மக்களுக்குச் சொன்னார்கள். இரவில் பாத்திரங்களை மூடி வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியதையும், ஆண்டில் ஓர் இரவில் கொள்ளைநோய் இறங்கி மூடாத பாத்திரத்தில் புகுந்து விடுகிறது என்று எச்சரித்ததையும் ஸஹீஹ் முஸ்லிமில் ஓதியிருக்கிறோம். உயிரினங்களுக்குப் பங்கு கொடு, உன் பாத்திரத்தை மூடி வை. இரண்டும் ஒரே நபியின் போதனை. ஒன்றை எடுத்து மற்றொன்றை விட்டால் கொடையும் நிறைவாகாது, பாதுகாப்பும் நிறைவாகாது.

"அப்ப மரத்துக்கு எப்படி மூடி போடுறது?" என்று தம்பி கேட்டார். கேட்டதும் நல்ல கேள்வி. வழி சொன்னவர் உம்மாதான். "கைக்கு எட்டுற கிளையில பழத்துக்குப் பழம் பழைய சீலைத் துண்டால பை தைச்சுக் கட்டினால் போகும். மேல உள்ளது அதுகளுக்கு." அவ்வளவுதான், வழக்கு முடிந்தது. தேயிலைச் செடிக்குச் செய்கிற கவ்வாத்தைப் போல, குழந்தை விளையாடும் முற்றத்தின் மேல் நீண்டிருந்த கிளையை மட்டும் வெட்டுவது என்று தம்பியும் இறங்கி வந்தார்.

அன்று மத்ரஸா மாணவர்களுக்கு இன்னொரு செய்தியும் சொன்னேன். நம் தேனி மாவட்டத்து மேகமலையும் தேயிலை மலைதான். அங்கே 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டக்காரர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். அவர் பெயரும் உங்கள் ஊர்ப் பெயரும் ஒன்று என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள். சாதாரண வௌவால் என்று எண்ணிப் பம்பாயில் பாடம் செய்து வைத்திருந்தார்கள். 1972இல் தாய்லாந்து அறிஞர் ஒருவர் அது உலகமே அறியாத புதிய இனம் என்று கண்டார். பறவை ஆராய்ச்சியில் புகழ்பெற்ற ஸாலிம் அலி அவர்களின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அதே 1972இல் வந்த இந்திய வனவிலங்குச் சட்டமோ பழந்தின்னி வௌவால்களை எலியோடும் காகத்தோடும் தீங்குயிர் பட்டியலில் சேர்த்திருந்தது. ஸாலிம் அலி வௌவாலுக்குப் பிறகு உயர்ந்த பாதுகாப்புக் கிடைத்தது. ஓர் உயிரைக் கூர்ந்து பார்க்கிறவரைக்கும்தான் அது சாதாரணம்.

அடுத்த நாள் தலவாக்கலை வழியாக நுவரெலியா போனோம். 1,868 மீட்டர் உயரம். அந்தக் குளிரில் கொய்யாவைக் காணவில்லை. பேரிக்காய் மரங்கள்தான் கண்ணில் பட்டன. சிங்களத்தில் கொய்யாவுக்கு 'பேர' என்று பெயராம். போர்ச்சுகீசிய மொழியில் அது பேரிக்காயின் பெயர். வௌவாலை அவர்கள் 'வவுலா' என்கிறார்கள். மொழிகள் பிரிந்து நின்றாலும் பெயர்கள் வேலி தாண்டி விடுகின்றன, விதையைப் போல.

திரும்பும் வழியில் பேராதனைப் பூங்காவில் பெரிய வௌவால்களைப் பார்த்தேன். ஒரு மீட்டருக்கு மேல் சிறகு விரிக்கும் இனம். ஆயிரக்கணக்கில் கருப்புப் பைகளைப் போலத் தொங்கின. அவை தொங்கிய மரங்களின் உச்சி மொட்டையாகக் கிடந்தது. விருந்தாளி அளவுக்கு மிஞ்சினால் வீட்டுக்காரருக்குச் சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்குரிய காடுகளை எல்லாம் எடுத்துக் கொண்ட நாம், எஞ்சிய தோப்பில் ஏன் கூடினீர்கள் என்று எப்படிக் கேட்பது?

ஊர் திரும்பிய சில வாரங்களில் தோழர் தொலைபேசியில் அழைத்தார். மரம் நிற்கிறதாம். உம்மா தைத்த பூப்போட்ட சீலைப் பைகளோடு, பெருநாளுக்கு உடுத்த பிள்ளை போல நிற்கிறதாம். பை கட்டிய பழங்களில் முதலாவதை உம்மா வேலிக்கு அப்பால் கொடுத்தனுப்பினாராம்.

சகோதரிகளே! உங்கள் வீட்டுக் கொல்லையிலும் ஒரு கொய்யாவோ மாமரமோ நிற்கலாம். உங்கள் பிள்ளைகளுக்கு உரியதை மூடிப் பாதுகாத்துக் கொள்ளுங்கள். கடித்ததைத் தொடாதீர்கள். உச்சிக் கிளையை மட்டும் விட்டு வையுங்கள். நீங்கள் உறங்கும் நேரத்தில், மார்பில் குட்டியைச் சுமந்து கொண்டு ஒரு தாய் அந்தக் கிளைக்கு வருவாள். அவளுக்குரிய ரிஸ்க்கை உங்கள் வீட்டுக் கொல்லையில் வைத்தவன் அல்லாஹ். அந்த ஸதகாவை உங்கள் ஏட்டில் அவன் எழுதிக் கொள்வானாக! ஆமீன்.